வரப்பில் நின்ற ஆறு பேர்

செம்மொழியின் கையில் அந்தத் தாளைக்கூட யாரும் கொடுக்கவில்லை. அவளுடைய கோபம் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வருடம் கழித்துச் சொல்லும்போதும் அவள் குரல் அந்த இடத்தில்தான் ஏறுகிறது.

தஞ்சாவூரில் ஒரு கலைக் கல்லூரி. ஆகஸ்ட் மாதம், நாடக மன்றத்துக்கு ஆள் எடுக்கும் நாள். கலையரங்கத்தில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அதில் ஒரு கலெக்டர் பேசுவதாக எட்டு வரி வசனம். மேடையேறிப் படித்துக் காட்ட வேண்டும். செம்மொழி அப்போது இயற்பியல் முதலாண்டு. முன்னால் நின்றவர்கள் படிக்கப் படிக்கக் கேட்டே எட்டு வரியும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. அவள் முறை வந்தது. மேடைக்குக் கீழே நாற்காலியில் இருந்த அரவிந்தன் நிமிர்ந்து பார்த்தான். மூன்றாமாண்டு மாணவன், நாடகத்தை எழுதி இயக்குபவன்.

“எந்த ஊரும்மா?”

“நன்னிலம் பக்கம்ணா.”

“வயல் வேலையெல்லாம் தெரியுமா?”

“தெரியும்ணா. லீவுல நடவுக்குப் போயிருக்கேன்.”

“சூப்பர். நீ நடவு குரூப். உனக்கு மேக்கப் செலவுகூட இல்ல.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். “நெக்ஸ்ட்.”

தாள் அவளைத் தாண்டிப் பின்னால் நின்றவள் கைக்குப் போனது.

எட்டு வரி படிக்க முக்கால் நிமிடம் ஆகும். அன்றைக்கு வந்த நாற்பது பேரில் ஆறு பேருக்கு அந்த முக்கால் நிமிடம் கிடைக்கவில்லை. ஆறு பேரும் கறுப்பு. ஆறு பேரும் அரசு மாணவியர் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்றுதான் சொல்வார்கள். திட்டம் போடாமலே இத்தனை கச்சிதமாக வந்துவிட்டதே, எரிச்சல் அதில்தான்.

செம்மொழியின் தாத்தா காலம்வரை அந்தக் குடும்பம் பிறத்தியார் வயலில்தான் வேலை செய்தது. அப்பா ரெத்தினம் இப்போது ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். அம்மா காளியம்மாள் இருபது பெண்கள் கொண்ட நடவுக் கோஷ்டிக்குத் தலைவி. எந்த வயலுக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்கு இறங்குவது, எத்தனை மணிக்குக் கரையேறுவது, எல்லாம் அவர் வாக்கு. செம்மொழி பள்ளியில் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கியவள். பேச்சு அவளுக்குப் புதிதல்ல. நாடகத்தில் அவள் தேடியது வேறு.

“பேச்சுப்போட்டியில நான் நானாத்தான் நிக்கணும். நாடகத்துல அஞ்சு நிமிஷமாவது வேற ஆளா இருந்து பாக்கலாம்ல. கலெக்டரா, டாக்டரா, யாரோ ஒரு கெட்டவளா. அதுக்குத்தான் போனேன். போனா, நீ நீயாவே இருன்னு சொல்லிட்டாங்க.”

அவள் கேட்டது வேடத்தைக்கூட அல்ல. ஒரு தடவை படித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நாடகம் கடைமடைக் கிராமம் ஒன்றைப் பற்றியது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் ஊர். மதகு திறக்காததால் தண்ணீர் வரவில்லை. பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள், அழுகிறார்கள், மறுபடி நிற்கிறார்கள். கடைசிக் காட்சியில் கலெக்டர் அம்மா வருகிறார், மதகு திறக்கிறது, பெண்கள் நடவு நடுகிறார்கள், கலெக்டர் அவர்களுக்காக நீளமாகப் பேசுகிறார். நாற்பது நிமிட நாடகத்தில் அந்த ஆறு பெண்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை கிடையாது. கைப்பிரதியில் நான்கு இடத்தில் ‘பெண்கள் அழுகிறார்கள்’ என்று மட்டும் இருந்தது.

“தண்ணி வரலேன்னா எங்கம்மா அழாதுண்ணா. திட்டும்,” என்று இரண்டாம் நாள் ஒத்திகையில் செம்மொழி சொன்னாள்.

“அழுதாத்தான் ஆடியன்ஸுக்குப் பாவமா இருக்கும்.”

“பாவமா இருக்கணும்னு யாரு கேட்டா?”

அரவிந்தன் அதைக் காதில் வாங்கவில்லை.

கலெக்டர் வேடம் பிரகதீஸ்வரிக்கு. தஞ்சாவூர்க்காரி, நல்ல உயரம், நல்ல நிறம். வசனம் மறக்காதவள், நேரம் தவறாதவள். ஒரே குறை, எல்லா வரியையும் ஒரே ஏற்றத்தில் சொல்வாள். பேருந்து நிலையத்தில் பாபநாசம் வண்டி புறப்படுவதை அறிவிக்கிற மாதிரி இருக்கும். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. கலெக்டருக்கான ‘லுக்’ இருக்கிறதே, போதாதா?

மூன்றாவது வாரம் நடவுக் காட்சிக்கு ஒத்திகை. பச்சைத் தாளை நறுக்கித் தெர்மாகோல் துண்டில் செருகி நாற்று செய்திருந்தார்கள். மேடையின் பின்பக்கமிருந்து ஆறு பேரும் குனிந்து, நாற்றை ஊன்றிக்கொண்டே பார்வையாளரை நோக்கி முன்னால் வர வேண்டும். அதுதான் இயக்குநரின் ஏற்பாடு. வந்தார்கள். ஊன்றிய நாற்றின் மேலேயே அடுத்த அடி விழுந்தது. தெர்மாகோல் நொறுங்கியது.

“மிதிக்காதீங்க! பாத்து நடங்க!”

“அண்ணா, முன்னாடி நடந்தா மிதிக்காம எப்படி?” என்றாள் செம்மொழி. “நட்ட நாத்தப் பாத்துக்கிட்டே பின்னாடி பின்னாடி போறதுதான் நடவு.”

அரவிந்தன் வீட்டுக்குத் திருவையாறு பக்கம் நிலம் உண்டு. குத்தகைக்கு விட்ட நிலம். அறுவடையில் மூட்டை வரும்போது பார்த்திருக்கிறான். நடவை அவன் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் காரில் போகும்போது.

“எங்க வயல்ல முன்னாடிதானே போச்சு,” என்றான்.

“அது மெஷினுண்ணா. மெஷின் முன்னாடி போயி பின்னாடி நட்டுட்டுப் போவும். நாங்க மெஷினா?”

மற்ற விடுதிப் பெண்கள் ஐந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அரவிந்தனின் காது சிவந்தது.

“பின்னாடி போனா ஆடியன்ஸுக்கு உங்க முதுகுதான் தெரியும். தியேட்டர்ல அது பெரிய தப்பு.”

“எதுக்கு முதுகு தெரியணும்? மேடை முன்பக்கத்துல ஆரம்பிச்சுப் பின்பக்கம் போறோம். மூஞ்சி ஆடியன்ஸப் பாத்துதான் இருக்கும். நாங்க போகப் போக முன்னாடி பூரா பச்சையா நிக்கும். பாருங்க.”

அவள் செய்து காட்டினாள். மேடை விளிம்பில் சாக்கு விரித்து அதுதான் வரப்பு என்றாள். அதிலிருந்து இறங்கினாள். குனிந்தாள். ஒவ்வொரு நாற்றுக் கொத்தாக ஊன்றிக்கொண்டு பின்வாங்கினாள். மற்ற ஐந்து பேரும் பக்கத்தில் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு நிமிடத்தில் வெறும் பலகை மேடை பச்சையாக எழுந்து நின்றது. கலையரங்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அரவிந்தனும் தட்டினான். பிறகு சொன்னான்: “பாத்தியா? நான் மொத நாளே சொன்னேன்ல, நீ இங்கதான் இருக்கணும்னு.”

தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தாள். அதையே ஆணியாக்கி அவளை அந்த வரிசையில் அடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அச்சடித்த நிகழ்ச்சிக் குறிப்பு வந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக வழுவழு தாளில். நடிகர்கள் பதினோரு பேருக்குப் பெயர் இருந்தது. மைக் பிடித்தவருக்குப் பெயர் இருந்தது. கடைசியில் ‘மற்றும் நடவுப் பெண்கள்’. அதற்குக் கீழே ஒரு வரி: ‘நடவுக் காட்சி, வயல்களுக்கு நேரில் சென்று இயக்குநர் மேற்கொண்ட கள ஆய்வின் அடிப்படையில் அமைக்கப்பட்டது.’

“எந்த வயலுக்குண்ணா நேர்ல போனீங்க? எங்க ஹாஸ்டலுக்கா?” என்று செம்மொழி கேட்டாள்.

“அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிம்மா. பெருசா எடுத்துக்காத.”

அன்று மாலை வீட்டுக்குப் பேசினாள். காளியம்மாள்தான் எடுத்தார்.

“என்னடி, நாடகம் எப்படிப் போவுது? என்ன வேசம்?”

“நடவு நடுறேம்மா.”

“இதுக்கா தஞ்சாவூரு போன? இங்கயே நட்டிருக்கலாம். ஆளு வேற கொறச்சலா கெடக்கு.”

செம்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா வைத்த பிறகு வெகுநேரம் விடுதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கோஷ்டி ஒருநாளும் பேசாமல் வயலில் இறங்காது. முதலில் எல்லாரும் வரப்பில் நிற்பார்கள். கூலி, டீ, பள்ளமான மூலையை என்ன செய்வது, எல்லாவற்றையும் நின்றபடியே பேசி முடிப்பார்கள். சேற்றில் கால் வைத்துவிட்டால் அப்புறம் வாய் திறப்பதில்லை, வேலைதான். செம்மொழி ஆகஸ்டில் பேசாமலே இறங்கிவிட்டாள். ஆனால் வயலில் இறங்குவது ஒருநாளோடு முடிகிற காரியமில்லையே. தினமும் காலையில் புதிதாகத்தானே இறங்குகிறார்கள்.

போட்டிக்கு எட்டு நாள் இருந்தது. மன்றப் பொறுப்பாளரான பேராசிரியர் நடராசன் ஒத்திகை பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நடவுக் காட்சி வந்தது. பாட்டுப் போட்டார்கள். ஆறு பேரும் வந்து சாக்கு வரப்பில் வரிசையாக நின்றார்கள். பாட்டு ஓடி முடிந்தது. யாரும் இறங்கவில்லை.

“ஏன் நிக்கிறீங்க? இறங்குங்க!” என்று அரவிந்தன் கத்தினான்.

“பேசணும்ணா.”

“உங்களுக்குத்தான் டயலாக்கே இல்லையே.”

“அதத்தான் பேசணும்.”

நடராசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா இது, ஸ்டிரைக்கா?”

“இல்ல சார். எங்க ஊர்ல வரப்புல நின்னு பேசிட்டுத்தான் வயல்ல இறங்குவாங்க. நாங்க பேசாம இறங்கிட்டோம். அதான் இப்பப் பேசறோம்.” செம்மொழி நடராசனை நேராகப் பார்த்தாள். “ரெண்டே விஷயம் சார். நோட்டீஸ்ல எங்க ஆறு பேர் பேரும் வரணும். அப்புறம் அந்தக் கலெக்டர் வசனத்த எங்களையும் படிக்க விடணும். மொத நாள் எல்லாருக்கும் தாள் குடுத்தாங்க. எங்க ஆறு பேருக்கு மட்டும் குடுக்கல.”

“குடுக்கலையா?” நடராசன் அரவிந்தனைப் பார்த்தார்.

“சார், கலெக்டர்னா ஒரு லுக் வேணும் சார். பாத்தாலே தெரியுமில்ல.”

“நீ எத்தன கலெக்டரைக் கிட்டப் பாத்திருக்க?”

அரவிந்தன் கைப்பிரதியைப் புரட்டினான். பக்கவாட்டில் நின்ற பிரகதீஸ்வரிதான் வெடுக்கென்று சொன்னாள்: “படிக்கட்டும் சார். எனக்கு ஒண்ணும் பயமில்ல. நானும் திரும்பப் படிக்கிறேன்.”

“அப்ப எல்லாரும் திரைக்குப் பின்னாடி நின்னு படிக்கிறோம்,” என்றாள் செம்மொழி. “மூஞ்சியப் பாக்காம காதால மட்டும் கேளுங்க.”

கலையரங்கத்துத் திரை பாதி வந்து சிக்கிக்கொள்ளும். இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள். ஏழு பெண்களும் பின்னால் போனார்கள். எந்த வரிசையில் படிப்பது என்பதை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். கீழே நடராசன், அரவிந்தன், மற்ற நடிகர்கள் என்று இருபது பேர்.

முதல் குரல் பிரகதீஸ்வரி. எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவது குரல் நடுவில் சிரித்துவிட்டது. மூன்றாவது குரல் வந்ததும், “செம்மொழி!” என்று கீழே யாரோ சொல்ல, இன்னொருவன், “அதான் தினமும் கேக்கறோமே” என்றான்.

ஒன்றரை மாதமாகக் காத்திருந்த எட்டு வரி. செம்மொழி படித்தாள். மூன்றாவது வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் கூடுதல். ஒவ்வொரு சொல்லிலும் சண்டை. ஊர்மக்களுக்கு மதகு திறந்துவிட வந்த கலெக்டர் அவர்கள்மேல் வழக்குப் போட வந்த மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க நினைத்தாள். அதற்குள் எட்டு வரியும் தீர்ந்துவிட்டது.

நான்காவது குரல் போனது. ஐந்தாவது குரல் தாழ்வாக வந்தது. அவசரமே இல்லை.

“இந்த மதகு எத்தன நாளா மூடியிருந்துச்சு?”

கேட்டுவிட்டு அந்தக் குரல் நின்றது. கைப்பிரதியில் அங்கே பதில் எதுவும் இல்லை. அடுத்த வரியும் கலெக்டருடையதுதான். ஆனாலும் அந்தக் குரல் காத்திருந்தது, எதிரே நிற்பவர்கள் சொல்லட்டும் என்பது போல. பிறகுதான் அடுத்த வரி வந்தது.

“இது யாரு?” என்று நடராசன் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை மாதம், வாரத்துக்கு நான்கு நாள் ஒத்திகை. அந்தக் குரல் யாருடையது என்று அந்த அரங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதை எழுதும்போதே கை சுடுகிறது.

அது அம்சம். குத்தாலத்துப் பெண், தமிழ் முதலாண்டு. நடவு வரிசையில் கடைசி ஆள். அதுவரை அவளிடம் யாரும் பேசியது இரண்டே வாக்கியம்தான்: ‘கொஞ்சம் தள்ளி நில்லு’, ‘அந்தத் தண்ணி பாட்டில எடு’.

மீதி இருவரும் படித்து முடித்துத் திரை விலகியதும் நடராசன் அவளை முன்னால் அழைத்தார். “எங்கம்மா இப்படிப் படிக்கக் கத்துக்கிட்ட?”

“கத்துக்கல சார். நூறு நாள் வேலை ஆபீஸ்ல எங்கம்மாவுக்குப் பதிலா நான்தான் போயி நிப்பேன். அவங்க கேள்வி கேப்பாங்க, நாம சொல்றதுக்குள்ள அவங்களே எழுதிக்குவாங்க. ஒருத்தராவது கேட்டுட்டுச் சும்மா இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் படிச்சேன்.”

நடராசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “கலெக்டர் இந்தப் பொண்ணுதான்.”

பிரகதீஸ்வரி பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். கதவு அறைந்த சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. அம்சம் மிரண்டுபோய்ச் செம்மொழியைப் பார்த்தாள். “எனக்கு வேணாம் சார். கேட்டது செம்மொழி. அவளே செய்யட்டும்.”

இங்கே செம்மொழி உண்மையை மறைக்கவில்லை. “சரின்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன்,” என்கிறாள். “அவளே குடுக்கறாளே, எனக்கென்னன்னு. ஆனா மொத நாள் அரவிந்தண்ணா என்னை ஒதுக்குன மாதிரி நான் அவள ஒதுக்குறதாயிடும்ல?”

வாயைத் திறந்தது திறந்ததுதான். அதில் வேறு வார்த்தை வந்தது. “அடி போடி இவளே. போயி ஜாக்கெட்டுக்கு அளவு குடு.”

அதற்கப்புறம் இரண்டு நாள் அம்சத்தோடு பேசவில்லை. விடுதியில் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தாள். கோபம் அம்சத்தின் மேல் இல்லை. நியாயமாகத் தோற்றது அவளுக்கே தெரிந்தது. ஆனால் அந்த நியாயத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. பிரகதீஸ்வரி அந்த எட்டு வரியை முதலில் படித்தபோது அவள் தொண்டையில் எந்தக் கசப்பும் இல்லை. செம்மொழி படித்தபோது ஒன்றரை மாதத்துக் கசப்பு இருந்தது. ஆகஸ்டில் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் வேறு மாதிரி படித்திருப்பாள். எப்படிப் படித்திருப்பாள் என்பது இனி அவளுக்கே தெரியாது. பேரைப் புதிதாக அச்சடிக்கலாம். அந்த ஆகஸ்டை என்ன செய்வது?

பேரை அச்சடித்தார்கள். ஆறு பேரும் இருந்தார்கள். ‘இயக்குநரின் கள ஆய்வு’ வரியும் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் பிரகதீஸ்வரி திரும்பி வந்தாள். மேடையில் ஏறினால்தான் சான்றிதழ். காலியாக இருந்த ஒரே இடம் நடவு வரிசையில் அம்சம் நின்ற இடம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். பத்து நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டாள்.

“இடுப்பு உடையுது. இத எப்படி நாள் பூரா செய்யறாங்க?”

“நாள் பூரா இல்லக்கா,” என்றாள் செம்மொழி. “சீசன் பூரா.”

போட்டி நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. காளியம்மாள் நன்னிலத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சி. ஆறு பெண்களும் வரப்பிலிருந்து இறங்கினார்கள், பார்வையாளருக்கு முகம் காட்டிக் குனிந்தார்கள், பின்வாங்கினார்கள். முன்னால் பச்சை எழுந்தது. அவர்களுக்குப் பின்னால், மேடையின் கோடியில், அம்சம் கைத்தறிப் புடவையில் நின்றாள். செம்மொழியால் அவளைப் பார்க்க முடியாது. குரல் மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

“இந்த மதகு எத்தன நாளா மூடியிருந்துச்சு?”

அம்சம் காத்திருந்தாள். ஒத்திகையில் மூன்று நொடி. மூன்று நொடி ஆயிற்று. அவள் பேசவில்லை. ஐந்து நொடி. பக்கவாட்டில் அரவிந்தன் அடுத்த வரியை வாயசைத்துக் காட்டினான். அம்சம் அசையவில்லை. அப்போதுதான் செம்மொழிக்குப் புரிந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நிஜமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

செம்மொழி நிமிர்ந்தாள். கையை இடுப்பில் ஊன்றினாள். திரும்பினாள். வாயிலிருந்து வந்தது அவளுடைய குரலே அல்ல.

“நாப்பது நாளா மூடிக் கெடந்துச்சு தாயி. வழி தெரியாம சுத்திக்கிட்டிருந்தீங்களா, இல்ல இன்னிக்குத்தான் கார்ல பெட்ரோல் போட்டாங்களா?”

அரங்கம் சிரித்தது. பிறகு கைதட்டியது. அம்சம் சிரிப்பு அடங்கும்வரை நின்று, “தப்புதான்மா” என்றாள். அதுவும் கைப்பிரதியில் இல்லை. அதன் பிறகுதான் எழுதிக்கொடுத்த வசனத்துக்குப் போனாள்.

திரை விழுந்ததும் அரவிந்தன் ஓடிவந்தான். “ஸ்கிரிப்ட்ல இல்லாதத எவ பேசச் சொன்னா உன்னை?”

அம்சம்தான் பதில் சொன்னாள். “நான் கேட்டேன்ணா. அவ சொன்னா.”

மூன்றாம் பரிசு கிடைத்தது. நடுவர் ஒருவர் அந்த நடவையும் அந்தப் பதிலையும் தனியாகப் பாராட்டி, இயக்குநரின் நுட்பம் என்றார். சிறந்த இயக்குநருக்கான கோப்பையை அரவிந்தன் வாங்கினான். வாங்கும்போது ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. செம்மொழி மேடைக்குக் கீழே நின்று அதையும் பார்த்தாள்.

இப்போது அவள் மூன்றாமாண்டு. ஆள் எடுக்கும் நாளில் தாள்களை அவளே நகலெடுத்து வருகிறாள். படித்து முடிக்கும்வரை யாரையும் எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. கேட்டால் எழுந்து சண்டைக்கு வருகிறாள்.

அந்தப் போட்டி நாளில் அரங்கத்தை விட்டு வெளியே வந்தபோது காளியம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். செம்மொழி எதையும் கேட்காமல் முன்னால் போய் நின்றாள்.

“அந்தச் செவத்த புள்ள அகல அகலமா நடுது,” என்றார் காளியம்மாள். “பொம்மை நாத்துன்னாலும் ஒரு வரிசை வேணாமா?”

“சரிம்மா. வேற?”

“வேற என்ன? அது யாருடி நடுவுல, இடுப்புல கைய வச்சிக்கிட்டு அந்தக் கத்து கத்துனது?”

“நான்தாம்மா.”

“நீ இல்ல. நீ அப்படியெல்லாம் நிக்க மாட்ட.” காளியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தார். “நான் எங்கடி அப்படிக் கத்துறேன்?” என்றார், வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி.